“எந்த மனுஷங்ககிட்ட இருந்து எடுத்தது?”: ரீகாம்பினன்ட் மனிதப் புரதம் பற்றி எளிமையாக

என் சித்தி மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். போன விடுமுறையில் நான் வேலை செய்யும் ஆய்வகத்தைப் பார்க்க வந்தவள், ஃப்ரீசரிலிருந்து நான் எடுத்த சின்னக் குப்பியின் லேபிளைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “ரீகாம்பினன்ட் ஹியூமன் டிஎன்எஃப் ஆல்ஃபானு போட்டிருக்கே அக்கா, எந்த மனுஷங்ககிட்ட இருந்து எடுத்தது?”

நல்ல கேள்வி. இதே கேள்வியைப் படித்தவர்கள், மருந்துக் கடை வைத்திருப்பவர்கள், ஏன், உயிரியல் பட்டம் வாங்கியவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். மனிதப் புரதம் என்றால் மனித இரத்தத்திலிருந்து பிரித்தது என்று ஒரு நினைப்பு. 95 சதவீதம் தூய்மை என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பதில் 95 சதவீதம் ஒழுங்காக வேலை செய்யும் என்று இன்னொரு நினைப்பு. மூன்றாவதுதான் ஆபத்தானது: மனிதப் புரதம்தானே, சுத்தமாகவும் இருக்கிறது, அப்படியானால் மனித உடம்புக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? மூன்றுமே தவறு. அவளுக்கு அன்றைக்கு நின்றபடியே சொன்னதை இங்கே உட்கார்ந்து ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். டிஎன்எஃப் என்பது கிருமி வந்தால் எச்சரிக்கும் ஒரு புரதம், அந்தக் குப்பியையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

புரதம் என்றால் சத்துமாவு மட்டும் இல்லை

புரதம் என்றதும் முட்டை, பருப்பு, ஜிம்மில் கலக்கிக் குடிக்கும் பவுடர் என்றுதான் மனசு போகும். சாப்பாட்டில் அது சரிதான். ஆனால் உடம்புக்குள் புரதம் என்பது வேலையாள். ஆக்சிஜனைச் சுமப்பது ஒரு புரதம், சோற்றைச் செரிக்க வைப்பது ஒரு புரதம், கிருமி வந்தால் சத்தம் போட்டு ஊரைக் கூட்டுவது இன்னொரு புரதம். மனித உடலில் இப்படிப் பல்லாயிரம் வகை இருக்கின்றன.

எல்லாமே ஒரே மாதிரிதான் கட்டப்பட்டவை. 20 நிறப் பாசிமணிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் குறிப்பிட்ட வரிசையில் கோத்தால் ஒரு சரம் கிடைக்கும். அந்த மணிகளுக்குப் பெயர் அமினோ அமிலம். கோத்த சரம் அப்படியே நீளமாகக் கிடக்காது, மணிகள் ஒன்றையொன்று இழுத்தும் தள்ளியும் தானாகவே சுருண்டு ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். வரிசை வடிவத்தைத் தீர்மானிக்கிறது, வடிவம் வேலையைத் தீர்மானிக்கிறது. வடிவம் கெட்டால், மணிகள் அத்தனையும் சரியான வரிசையில் இருந்தாலும் அந்தப் புரதத்தால் பயனில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் டிஎன்எஃப் ஆல்ஃபா 157 மணிகள் கொண்ட சரம். சுருண்ட பிறகு இதே மாதிரி மூன்று ஒன்றோடொன்று சேர்ந்து நின்றால்தான் வேலை செய்யும். மேக்ரோஃபேஜ் என்று ஒரு வெள்ளை அணு இருக்கிறது, கிருமிகளை விழுங்கும் காவல்காரர். அது கிருமியைக் கண்டதும் டிஎன்எஃபைச் சுரக்கும், அந்த எச்சரிக்கையைக் கேட்டு அக்கம்பக்கத்துச் செல்கள் அழற்சியைத் தொடங்கும், அதாவது அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கும். காயம் ஆறும் வரை இது நல்லது. எச்சரிக்கை நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் முடக்கு வாதம் போன்ற நோய்கள் வருகின்றன. அந்த நோய்க்கு இன்று கொடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமேப், அடாலிமுமேப் ஊசிகள் டிஎன்எஃபைப் பிடித்து அடக்குபவைதான். இப்படி ஒரு மருந்தைத் தேடுபவருக்கு என்ன வேண்டும்? தட்டில் வளரும் செல்கள் மேல் ஊற்றிப் பார்க்கக் கையில் கொஞ்சம் டிஎன்எஃப் வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குப்பி.

அளவு ஜாக்கெட்டும் தையல்காரரும்

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்போம் இல்லையா? தையல்காரர் நம்மைப் பார்த்திருக்கவே வேண்டாம். வேறு ஊரில் இருக்கும் கடையில் அம்மா கொண்டுபோய்க் கொடுத்தாலும் நமக்குப் பொருந்துகிற ஜாக்கெட்தான் வரும். நூல் அவருடையது, மெஷின் அவருடையது, உழைப்பு அவருடையது. அளவு மட்டும் நம்முடையது.

மனிதப் புரதம் என்று லேபிளில் போட்டிருப்பதன் பொருள் இவ்வளவுதான்: அளவு மனிதருடையது.

செல்லுக்குள் அந்த அளவு டிஎன்ஏவில் எழுதப்பட்டிருக்கிறது. டிஎன்ஏ நான்கு எழுத்துகளில் எழுதிய நீண்ட சுவடி என்றால், ஒரு புரதத்துக்கான குறிப்பு எழுதிய பகுதிதான் மரபணு. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு மணி. 157 மணிக்கு 471 எழுத்து. ஆச்சரியம் என்னவென்றால் இந்த மூன்றெழுத்து மொழி மனிதருக்கும் பாக்டீரியாவுக்கும், மாமரத்துக்கும் மண்புழுவுக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். மனிதக் குறிப்பை ஒரு பாக்டீரியாவிடம் கொடுத்தால் அதற்கு அது அந்நிய மொழியாகத் தெரியாது. வாசித்து, மணி கோத்துக் கொடுத்துவிடும். எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்ற மறுக்கிறது.

அடுத்து ரீகாம்பினன்ட் என்ற சொல். தமிழில் மறுசேர்க்கை என்று எழுதுகிறார்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த டிஎன்ஏ துண்டுகளை வெட்டி ஒன்றாக ஒட்டினால் அது மறுசேர்க்கை டிஎன்ஏ, அதை வாசித்து ஒரு செல் செய்துகொடுக்கும் புரதம் மறுசேர்க்கைப் புரதம். 1973இல் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் இப்படி ஒட்டிய டிஎன்ஏவை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கிக் காட்டினார்கள். 1978இல் ஜெனென்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையமும் சேர்ந்து மனித இன்சுலினை ஈ.கோலையில் செய்தார்கள், 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அதுவரை சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். நம் நாட்டில் 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் இதே முறையில் வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு அளவு ஜாக்கெட்டைக்கூட ஒருவரிடமிருந்து வாங்கத் தேவையில்லை. டிஎன்எஃப் மரபணுவின் எழுத்து வரிசை 1984இலிருந்தே தெரியும். பொதுத் தரவுத்தளத்தில் எடுத்துப் பார்த்து, அந்த 471 எழுத்தையும் வேதிப்பொருள்களால் இயந்திரத்திலேயே கோத்துவிடலாம். ஆக, என் தங்கையின் கேள்விக்குப் பதில்: யாரிடமிருந்தும் எடுக்கவில்லை.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: புரதம் என்பது மணிச்சரம், அதன் வரிசைக் குறிப்பு மரபணு, அந்தக் குறிப்பை வேறொரு உயிருக்குள் ஒட்டி வைத்துச் செய்ய வைத்தால் ரீகாம்பினன்ட் புரதம்.

மனிதரிடமிருந்தே எடுத்தால் என்ன?

எடுக்க முடியாது என்பதுதான் முதல் காரணம். ஆரோக்கியமான ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் டிஎன்எஃப் சில பிக்கோகிராம்தான் இருக்கும். பிக்கோகிராம் என்றால் ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்குபோட்டால் வரும் ஒரு பங்கு. உடம்பில் ஓடும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தையும் பிழிந்தால்கூட சில பத்து நானோகிராமைத் தாண்டாது. ஆயிரம் பிக்கோகிராம் சேர்ந்தால் ஒரு நானோகிராம், ஆயிரம் நானோகிராம் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். எங்கள் குப்பியில் இருப்பது 10 மைக்ரோகிராம். பொடி உப்பின் ஒரே ஒரு துகளில் ஆறில் ஒரு பங்கு எடைதான், ஆனால் அதற்கே சில நூறு பேரின் மொத்த இரத்தமும் வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் வேதனையானது. குழந்தைகளின் வளர்ச்சி ஹார்மோனை ஒரு காலத்தில் இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்ட சிலர் க்ரூட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் என்ற மூளை நோயால் இறந்தது 1985இல் வெளியே தெரிந்தது. இறந்த யாரோ ஒருவரின் நோய் அந்த ஊசி வழியாகப் பிள்ளைகளுக்குப் போயிருந்தது. விநியோகத்தை நிறுத்தினார்கள், அதே ஆண்டிலேயே ரீகாம்பினன்ட் வளர்ச்சி ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது. மனிதரிடமிருந்து வந்தது என்றால் இயற்கை, அதனால் நல்லது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

பாக்டீரியாவுக்குள் நடப்பது

ஈ.கோலைக்குள் அதன் முக்கிய டிஎன்ஏ தவிர, சின்ன வளையம் போன்ற டிஎன்ஏவும் இருக்க முடியும். அதற்குப் பிளாஸ்மிட் என்று பெயர். தையல்காரரின் ஆர்டர் நோட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நம் 471 எழுத்தை அந்த வளையத்தில் ஒட்டி பாக்டீரியாவுக்குள் அனுப்புகிறோம். எல்லாப் பாக்டீரியாவும் அதை வாங்கிக்கொள்ளாது, லட்சத்தில் சிலதான் வாங்கும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பிளாஸ்மிடிலேயே ஒரு ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணுவையும் சேர்த்து வைத்துவிட்டு, பிறகு அந்த ஆன்டிபயாட்டிக் கலந்த ஊட்டத்தில் வளர்ப்பார்கள். நோட்டு கையில் இருப்பவை பிழைக்கும், மற்றவை போய்விடும்.

ஈ.கோலை நல்ல ஊட்டத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காகிதத்தில் கணக்குப் போட்டால் ஒன்று 10 மணி நேரத்தில் 100 கோடிக்கு மேல் ஆகிவிடும். ஆனால் ஆரம்பத்திலிருந்தே டிஎன்எஃப் செய்யச் சொன்னால் அது பாவம், தான் வளர்வதா, நம் வேலையைச் செய்வதா? அதனால் முதலில் வளரவிட்டு, கலங்கலாக ஆனபிறகு ஐபிடிஜி என்ற வேதிப்பொருளைக் கலப்பார்கள். பால் சர்க்கரை வந்துவிட்டது என்று பாக்டீரியாவை நம்பவைக்கும் பொருள் அது, அந்த நம்பிக்கையில் நம் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் சுவிட்ச் திறந்துகொள்ளும். அப்புறம் சில மணி நேரம் பாக்டீரியா டிஎன்எஃபாகச் செய்து குவிக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வரலாம். அவசரமாகச் செய்யும்போது சரங்கள் ஒழுங்காகச் சுருளாமல் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிவிடும். தைத்த ஜாக்கெட்டுகளை ஈரத்தோடு மூட்டையில் திணித்த மாதிரி. அந்தக் கட்டியை இன்குளூஷன் பாடி என்பார்கள். அப்படி ஆனால் புரதத்தை முழுக்கப் பிரித்து நேராக்கி, மெதுவாக மறுபடி சுருள வைக்க வேண்டும், அதில் பாதி வீணாகும். டிஎன்எஃப் நல்ல பிள்ளை, பெரும்பாலும் கரைந்த நிலையிலேயே கிடைக்கும்.

கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் பிரிப்பது

ஈ.கோலைக்கு 4,000க்கு மேல் மரபணுக்கள். அதாவது பாக்டீரியாவை உடைத்துத் திறந்தால் நம் புரதத்தோடு அதன் சொந்தப் புரதங்கள் ஆயிரக்கணக்கில், டிஎன்ஏ, சவ்வுத் துண்டுகள் எல்லாம் கலந்த கொழகொழப்பான கஞ்சிதான் வரும். வேலையின் பெரும்பகுதி இனிமேல்தான்.

பரவலான வழி இது. மரபணுவை எழுதும்போதே ஒரு ஓரத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஆறு முறை தொடர்ந்து வருமாறு எழுதிவிடுவார்கள். ஹிஸ்டிடின் நிக்கல் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு குழாயில் நிக்கல் ஏற்றிய குருணைகளை நிரப்பி, கஞ்சியைச் சுழற்றித் தெளியவைத்து அதன் வழியே விட்டால், ஆறு ஹிஸ்டிடின் வால் உள்ள நம் புரதம் ஒட்டிக்கொள்ளும், மற்றவை பெரும்பாலும் வடிந்துபோகும். மணலில் கிடக்கும் இரும்புத்தூளைக் காந்தத்தால் இழுப்பதுபோல. பிறகு இமிடசோல் என்ற பொருளை ஊற்றினால், அதற்கும் ஹிஸ்டிடினின் அதே கைப்பிடி இருப்பதால் அது நிக்கலைப் பிடித்துக்கொண்டு நம் புரதத்தைக் கழற்றிவிடும்.

இது ஒரு சுற்றுதான், இன்னும் ஓரிரு சுற்று உண்டு. அதில் எனக்குப் பிடித்தது அளவை வைத்துப் பிரிக்கும் முறை, ஏனென்றால் அது சல்லடைக்கு நேர் எதிராக வேலை செய்யும். துளைத்துளையான குருணைகள் நிரப்பிய குழாயில் புரதக் கலவையை விட்டால் பெரியவை முதலில் வெளியே வரும், சின்னவை தாமதமாகும். திருவிழாக் கடைத்தெருவில் பார்த்திருப்பீர்கள், பெரியவர்கள் நேராக நடந்து கோயில் வாசலுக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் ஒவ்வொரு கடைக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். சின்ன மூலக்கூறுகளும் அப்படித்தான் ஒவ்வொரு துளைக்குள்ளும் நுழைந்து வருகின்றன. ஒட்டிக் கட்டியான டிஎன்எஃப், மூன்றாகச் சேர்ந்த நல்ல டிஎன்எஃப், உடைந்த துண்டுகள் எல்லாம் இந்தக் குழாயில் தனித்தனியாகிவிடும்.

95 சதவீதம் என்றால் எதில் 95?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். லேபிளில் தூய்மை 95 சதவீதத்துக்கு மேல், எஸ்டிஎஸ் பேஜ் முறைப்படி என்று இருக்கும். அந்த இரண்டாம் பாதியை யாரும் படிப்பதில்லை.

எஸ்டிஎஸ் பேஜ் என்பது புரதங்களை ஒரு வகை சோப்புப் பொருளில் வேகவைத்து, சுருளைப் பிரித்து நேராக்கி, ஜெல்லி மாதிரியான தகட்டில் மின்சாரத்தால் ஓடவிடும் சோதனை. சின்னது வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். ஓடி முடிந்ததும் நீலச் சாயம் போட்டால் ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாகத் தெரியும். தகட்டில் உள்ள மொத்த நீலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் நம் கோட்டில் இருந்தால், 95 சதவீதம் தூய்மை.

இதில் இரண்டு விஷயம் மறைந்துபோகிறது. ஒன்று, சோதனைக்கு முன்னாலேயே எல்லாச் சரத்தையும் நேராக்கிவிட்டோம், ஆகவே ஒழுங்காகச் சுருண்டிருந்ததும் கோணலாகச் சுருண்டிருந்ததும் ஒரே கோட்டில்தான் நிற்கும். வேலை செய்யாத டிஎன்எஃபும் தூய்மையான டிஎன்எஃப்தான். இரண்டாவது, அந்த நீலச் சாயம் புரதத்தைத்தான் காட்டும். புரதம் அல்லாத அழுக்கு எவ்வளவு இருந்தாலும் அந்தத் தகட்டில் தெரியாது.

முதல் பிரச்சினைக்கு விடை, வேலை செய்கிறதா என்று செய்தே பார்ப்பது. டிஎன்எஃபுக்கு இதை எல்929 என்ற எலிச் செல்களை வைத்துப் பார்ப்பார்கள். அந்தச் செல்களைக் காப்பாற்றும் புதுப் புரதங்கள் உருவாகாமல் ஆக்டினோமைசின் டி என்ற மருந்தைப் போட்டு நிறுத்திவிட்டு டிஎன்எஃபைச் சேர்த்தால் செல்கள் செத்துப்போகும். அதிகபட்ச விளைவில் பாதியைக் கொண்டுவர எவ்வளவு தேவை என்பதை இடி50 என்று லேபிளோடு வரும் தாளில் போடுவார்கள். அந்த எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு வீரியம். நல்ல டிஎன்எஃபுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமைவிடக் குறைவாகவே போதும். தூய்மை எண்ணுக்கு முன்னால் நான் பார்ப்பது இந்த எண்ணைத்தான். அது எழுதியே இல்லை என்றால் வாங்குவதற்கு யோசிப்பேன்.

சுருக்கமாக: தூய்மை ஒரு கேள்விக்கான பதில், வீரியம் வேறொரு கேள்விக்கான பதில். மிச்சம் இருக்கிறது மூன்றாவது கேள்வி, அதுதான் ரொம்பப் பேரை ஏமாற்றியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

ஈ.கோலையின் வெளிச்சவ்வில் எண்டோடாக்சின் என்ற பொருள் இருக்கிறது, கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது. பாக்டீரியாவை உடைத்தால் இது கரைசலில் கலந்துவிடும், புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் கூடவே வரும். புரதம் இல்லையே, அதனால் நீலச் சாயத்தில் தெரியாது. ஆய்வகத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவியும் அதை நம்பகமாக ஒழிக்காது. கண்ணாடிப் பாத்திரம் என்றால் உலர்ந்த சூட்டில் 250 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பார்கள், புரதத்தை அப்படிச் சுட முடியாதே.

மேக்ரோஃபேஜ்களுக்கு எண்டோடாக்சின் என்றால் கிருமி வந்துவிட்டது என்று அர்த்தம். நானோகிராம் அளவே போதும், உடனே டிஎன்எஃபைச் சுரக்கத் தொடங்கிவிடும். சொல்லப்போனால் டிஎன்எஃப் கண்டுபிடிக்கப்பட்டதே இப்படித்தான்: 1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு, எலிகளுக்கு முதலில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியும் பிறகு எண்டோடாக்சினும் கொடுத்து, அவற்றின் இரத்த சீரத்தில் கட்டிகளை அழிக்கும் ஒரு பொருள் இருப்பதைப் பார்த்தார்கள். கட்டியை அழிப்பது என்ற பொருளில்தான் ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர் என்ற பெயரே வந்தது.

இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரு புதிய புரதத்தை ஈ.கோலையில் செய்து மேக்ரோஃபேஜ் மேல் போடுகிறீர்கள், அது சிலிர்த்து எழுகிறது. எழுப்பியது புரதமா, விருந்தாளியா?

இது கற்பனை இல்லை. ஹெச்எஸ்பி70 என்ற மனிதப் புரதம் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிறது என்று பல ஆய்வுகள் வந்தன. 2003இல் காவோ, சான் என்ற இருவர், எண்டோடாக்சினை நன்றாக நீக்கிய ஹெச்எஸ்பி70ஐ வைத்து அதையே செய்து பார்த்தபோது மேக்ரோஃபேஜ் அசையவில்லை. முந்தைய ஆட்கள் கவனமில்லாதவர்கள் அல்ல, அவர்கள் புரதத்தைக் கொதிக்க வைத்துச் சோதித்திருந்தார்கள். கொதித்தால் புரதம் கெடும், எண்டோடாக்சின் கெடாது, ஆக விளைவு மறைந்தால் அது புரதத்தின் வேலை என்பது அவர்கள் கணக்கு. ஆனால் மிகச் சிறிய அளவில் இருக்கும் எண்டோடாக்சினும் கொதிக்க வைத்தால் வலுவிழக்கிறது என்பதையும் காவோ, சான் ஆய்வு காட்டியது. நியாயமாகத் தோன்றிய ஒரு சோதனையே தப்பான பக்கம் கை காட்டியிருக்கிறது.

எனக்கும் நடந்தது. ஆய்வு தொடங்கிய முதல் வருடம் ஒரு புரதத்தை வாங்கி மேக்ரோஃபேஜில் போட்டு, அருமையான முடிவு வந்ததென்று மூன்று வாரம் அதன் பின்னாலேயே போனேன். எங்கள் பேராசிரியை, பாக்டீரியாவில் செய்யாத அதே புரதத்தை வரவழைத்து ஒருமுறை பாரும்மா என்றார். பார்த்தேன், விளைவு இல்லை. அந்த மூன்று வாரத்தைவிட, அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் எழுதியிருக்கக்கூடிய கட்டுரையை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.

எண்டோடாக்சினை அளக்க, குதிரை லாட நண்டின் நீல இரத்தத்திலிருந்து எடுத்த சாற்றைப் பயன்படுத்துவார்கள், எண்டோடாக்சின் பட்டால் அது உறையும். நண்டுகளைப் பிடித்து இரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறதே என்ற கவலைக்கு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ இணை ஒரு வழி கண்டார்கள்: அந்த உறைதலைத் தொடங்கிவைக்கும் ஃபேக்டர் சி என்ற நண்டுப் புரதத்தையே ரீகாம்பினன்டாகச் செய்துவிட்டார்கள். லேபிளில் எண்டோடாக்சின் ஒரு மைக்ரோகிராமுக்கு இத்தனை இயூவுக்குக் கீழ் என்று இருக்கும். இயூ என்பது எண்டோடாக்சினை அளக்கும் அலகு, ஒரு இயூ சுமார் 0.1 நானோகிராம். நோயெதிர்ப்புச் செல்களோடு வேலை செய்பவர் முதலில் தேட வேண்டிய வரி அது.

எல்லாத் தையல்காரரும் ஆரி வேலை செய்வதில்லை

சில மனிதப் புரதங்கள் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும், ஜாக்கெட்டின் மேல் ஆரி வேலைபோல. இதற்கு கிளைகோசைலேஷன் என்று பெயர். ஆய்வகத்து ஈ.கோலை எளிய தையல்காரர், அந்த வேலை அவருக்குத் தெரியாது. டிஎன்எஃபுக்கு அது தேவைப்படாததால் பிரச்சினை இல்லை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் அப்படி இல்லை, அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சர்க்கரைதான், அது இல்லாவிட்டால் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் அதைச் செய்ய சிஹெச்ஓ செல்கள், அதாவது 1957இல் ஒரு சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து வளர்க்கத் தொடங்கிய செல்களின் வம்சம். ஹெக் 293 என்று இன்னொன்று உண்டு. 1970களில் நெதர்லாந்தின் லைடனில் மனிதக் கருவின் சிறுநீரகச் செல்லிலிருந்து வந்தது, 293 என்பது ஃபிராங்க் கிரஹாமின் பரிசோதனை எண்.

ஆகவே லேபிளில் ஹியூமன் என்பதும், எதில் செய்தது என்பதும் இரண்டு தனி வரிகள். மனிதப் புரதத்தை வெள்ளெலிச் செல்லில் செய்யலாம், எலிப் புரதத்தை மனிதச் செல்லில் செய்யலாம்.

குப்பியைத் திறக்கும்போது

உறைய வைத்து உலர்த்திய தூளாகத்தான் வரும். 10 மைக்ரோகிராம் கண்ணுக்குத் தெரியாது, காலிக் குப்பி வந்துவிட்டது என்று நிறுவனத்துக்குப் போன் போடுபவர்கள் உண்டு. மூடியில் ஒட்டியிருக்கலாம், திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் இயந்திரத்தில் ஒரு சுற்று விடுங்கள். ரொம்ப நீர்க்கக் கரைத்தால் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக் காணாமல் போகும், அதனால் துணைக்கு வேறொரு புரதம், பெரும்பாலும் மாட்டு ஆல்புமின், கொஞ்சம் சேர்ப்பார்கள். கரைத்ததைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து மைனஸ் 80இல் வைத்துவிட வேண்டும், திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் சுருள் கெடும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வீதம் போட்டால் அந்த ஒரு குப்பி ஒரு லிட்டர் செல் வளர்ப்புக்கு வரும்.

ஆய்வுக்கு மட்டும்

லேபிளின் கடைசி வரி இது. சட்டச் சடங்குக்காகப் போட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இணையத்தில் ஆய்வுக்கு மட்டும் என்று விற்கும் வளர்ச்சிக் காரணிகளையும் பெப்டைடுகள் என்ற குட்டி அமினோ அமிலச் சரங்களையும் வாங்கி வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கே செய்தி அனுப்பி அளவு கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மருந்தாக வரும் புரதம் கிருமியற்ற சூழலில், ஒவ்வொரு தொகுப்பும் ஒரே மாதிரி இருக்கிறதென்று நிரூபித்து, எண்டோடாக்சின் உடல் எடைக்கு ஏற்ற வரம்புக்குள் இருக்கிறதென்று உறுதிசெய்து, மனிதர்களில் சோதித்து வருவது. ஆய்வுக் குப்பிக்கு இதில் எதுவும் கட்டாயமில்லை, ஏனென்றால் அது போக வேண்டிய இடம் பிளாஸ்டிக் தட்டு.

அழுக்கே இல்லாமல் இருந்தாலும்? அதற்கும் டிஎன்எஃபே பதில் சொல்கிறது. 1980களில், புற்றுநோயை அழிக்கும் என்ற நம்பிக்கையோடு மருந்துத் தரத்தில் செய்த ரீகாம்பினன்ட் டிஎன்எஃபை நோயாளிகளின் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். கடுமையான காய்ச்சல், இரத்த அழுத்தச் சரிவு. கட்டியை அழிக்கத் தேவையான அளவை உடம்பு தாங்கவில்லை. ஐரோப்பாவில் 1999இல் அதற்கு அனுமதி கிடைத்த ஒரே பயன்பாடு இது: கை அல்லது காலில் சார்க்கோமா என்ற கட்டி வந்து, இல்லாவிட்டால் அந்த உறுப்பையே வெட்ட வேண்டும் என்ற நிலையில், அந்த ஒரு உறுப்பின் இரத்த ஓட்டத்தை மற்ற உடம்பிலிருந்து பிரித்து இயந்திரத்தோடு இணைத்து, அதற்குள் மட்டும் டிஎன்எஃபையும் மெல்ஃபலான் என்ற புற்றுநோய் மருந்தையும் செலுத்துகிறார்கள். அந்த நேரம் முழுக்க, அது இதயப் பக்கம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முடிந்ததும் அந்த உறுப்புக்குள் மிஞ்சிய மருந்தை நன்றாகக் கழுவி வெளியேற்றிவிட்டுத்தான் இரத்தக் குழாய்களை மறுபடி உடம்போடு இணைப்பார்கள்.